நர்ஸம்மா பாதை

இன்று காலை கதவைத் திறந்தால் வாசலை அடைத்துக்கொண்டு கப்பிக்கல் குவியல். விடிவதற்குள் வண்டியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். புதிதாக உடைத்த கல்லுக்கு ஒரு வாசனை உண்டே, தீக்குச்சியை உரசி அணைத்ததுபோல, அது தெரு முழுக்க நின்றது. பரப்ப ஆள் எப்போது வரும், ரோலர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடை ஓரமாக ஒதுங்கிப் போனார். எதிர்வீட்டம்மா நல்லதாக ஒரு கல்லைப் பொறுக்கி, மாட்டு முளை அடிக்க உதவும் என்று உள்ளே கொண்டுபோனாள். நான் மட்டும் நின்று பல்லைக் கடித்தேன். கடித்த சூட்டோடு திரும்பி உன்னைத் தேடினேன். நீ போய் இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. ஆனாலும் நகரசபை ஏதாவது ஒரு காரியத்தைப் பாதியில் செய்து வைத்தால் உன் முகத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை.

உனக்கு எழுதுவதால் கல் பரவிவிடப் போவதில்லை. வேறு யாரிடம் சொன்னாலும் "பொறுத்துக்குங்க" என்கிறார்கள். நீ ஒருத்திதான் அந்த வார்த்தையை என்னிடம் சொல்லாதவள். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே சமயத்தில் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீ ஆவூர்ப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண். கோயில் மணியும் ஜெபமாலையுமாக வளர்ந்தவள். நான் விராலிமலைக்குத் தெற்கே மானாவாரிக் காட்டிலிருந்து வந்தவள். தாலி இறங்கியபின் அண்ணன் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மருத்துவச்சி வேலை படித்தவள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அப்போது நமக்கு ஒரே அறை கொடுத்தார்கள். விடியற்காலையில் நீ முழங்காலிட்டு ஜெபம் சொல்வாய். ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாரையாவது திட்டத் தொடங்குவாய். உன்னோடு இருப்பது சுலபமாக இருந்தது என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. டாக்டரம்மா என்னைப் பசு என்பார். உன்னைப் பற்றிக் கேட்டால் பெருமூச்சு விடுவார்.

யுத்தம் வந்து பெட்ரோல் சுருங்கியபோதுதான் நம் கதை தொடங்கியது. பஸ்களெல்லாம் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டு போயின. ஆஸ்பத்திரிக்கு இருந்த வாடகைக் கார் நின்றுபோயிற்று. பிரசவம் என்று ஆள் வந்தால் குதிரைவண்டி தேட வேண்டும், அது கிடைத்து நாம் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்துவிடும், இல்லாவிட்டால் அதைவிடக் கெட்டது நடந்துவிடும். நகரசபை யோசித்து நம் இருவருக்கும் ஆளுக்கொரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தது. குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள். ஆஸ்பத்திரி வளாகத்தில் வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நாம் அதைக் கற்றுக்கொண்டோம். நான் விழுந்தால் சிரிப்பேன். நீ விழுந்தால் மரத்தை முறைப்பாய்.

சைக்கிள் கொடுத்தவர்கள் அது ஓடத் தெரு வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரங்கள் ஊர்த் தெருக்களை உழுது வைத்திருந்தன. தடத்துக்குள் சைக்கிள் இறங்கினால் அது போகிற பக்கம்தான் நாமும் போக வேண்டும். தெருவுக்குக் குறுக்கேயும் ஓரமாகவும் சாக்கடைகள் மூடியில்லாமல் திறந்து கிடந்தன. கடலை மண்டித் தெருவில் சந்தையன்று வண்டிகள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நிற்கும்; மாடுகள் அவிழ்த்துக் கட்டப்பட்டு அசைபோடும். அந்த வருஷம் ஊரில் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், பால்காரர், தபால்காரர் என்று எல்லோரும் சைக்கிளுக்கு வந்துவிட்டார்கள். எல்லோரும் விழுந்தார்கள். எழுந்து, தூசியைத் தட்டி, போய்விட்டார்கள்.

நீ போகவில்லை. மண்டித் தெருச் சாக்கடையில் நீ மருந்துப் பெட்டியோடு விழுந்து லோஷன் பாட்டில் உடைந்த அன்று, சேறு படிந்த வெள்ளைச் சேலையோடு நேரே நகரசபை ஆபீசுக்குப் போனாய். நான் பின்னாலேயே, முதலில் வந்து குளி என்று கெஞ்சிக்கொண்டு. சேர்மன் நல்ல மனிதர்தான். யாரைப் பார்த்தாலும் எழுந்து கும்பிடுவார். உன் சேலையைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"செஞ்சிரலாம்மா. தெருவை எல்லாம் சரி பண்ணிரலாம்."

"எப்பங்க?" என்றாய்.

அவரிடம் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பிறகு ஒரு சப்-கமிட்டி போட்டார்.

சப்-கமிட்டி முதலில் செய்தது கப்பி கொட்டியது. மண்டித் தெரு முழுக்க முட்டியளவுக்குக் கூர்கூராகக் கல். அதைப் பரப்பினார்கள், தண்ணீரும் தெளித்தார்கள். அழுத்துவதற்கு ரோலர் வரவேண்டிய நாளில், சித்தன்னவாசல் சித்திரங்களைப் பார்க்க எங்கிருந்தோ ஒரு துரை வருகிறார் என்று ரோலரை அந்த ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். துரை வந்தார், பார்த்தார், போனார். ரோலர் அங்கேயே ரிப்பேராகி நின்றுவிட்டது. நம் தெருவில் கல் மல்லாந்து கிடந்தது. முன்பாவது தடத்தில் ஓட்டிப் போனோம். இப்போது சைக்கிளைத் தோளில் தூக்காத குறை. குகையில் ஆயிரம் வருஷமாகச் சும்மா இருக்கிற சித்திரத்துக்கு என்ன அவசரம், வயிற்றில் இருக்கிற பிள்ளைதான் காத்திருக்காது என்று நீ ரோடு வேலை பார்க்கும் ஓவர்சியரிடம் கேட்டாய். அவர் உன்னைப் பார்த்தாலே வேறு சந்தில் திரும்பிப் போக ஆரம்பித்தது அப்போதுதான்.

அடுத்தபடியாக ஒரு உத்தரவு வந்தது. பாரவண்டிகள் தெருவில் நிற்கக்கூடாது, குளத்தங்கரையில் இதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று தமுக்கடித்துச் சொன்னார்கள். தமுக்கடித்தவர் மண்டித் தெருவுக்குள் நுழைய முடியாமல் வண்டிகளுக்கு இந்தப் பக்கமே நின்று அடித்துவிட்டுப் போனார். வண்டிக்காரர்கள் கேட்டார்கள், தலையாட்டினார்கள், வைக்கோலை உதறிப் போட்டார்கள். குளத்தங்கரையில் ஆடுகள்தான் நின்றன.

வண்டிகளில் பாதிக்குமேல் அந்தத் தெருப் பெரிய மண்டிக்காரருடையவை. அவரே அந்த வட்டத்துக்குக் கவுன்சிலரும்கூட. சப்-கமிட்டியிலும் இருந்தார். உத்தரவில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான், மீறியதும் அவர்தான். அதில் அவருக்கு ஒரு சங்கடமும் தெரியவில்லை.

அவருடைய மருமகளுக்குத்தான் வலி எடுத்தது. சந்தை நாள், உச்சி வெயில். தலைப்பிரசவம், வலி கண்டு வெகுநேரம் ஆகிறது, வீட்டுக்கு வந்த கிழவி மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள் என்று ஆள் ஓடி வந்தது. நாம் இருவரும் கிளம்பினோம். நீ முன்னால், நான் பின்னால். தெருமுனையில் சைக்கிள் நின்றது. வண்டி, வண்டிக்குப் பின்னால் வண்டி. மணியடித்தோம். ஒரு மாடு திரும்பிப் பார்த்தது.

நீ சைக்கிளை வளையல்காரம்மா கடையில் சாய்த்தாய். சேலையை இழுத்துச் செருகினாய். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முதல் வண்டியின் ஏர்க்காலில் ஏறி அந்தப் பக்கம் குதித்தாய். அடுத்ததில் ஏறினாய். வண்டிக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் மாடுகளுக்கு நடுவே நுழைந்து, கொம்புக்குத் தப்பி, உன் பின்னால் வந்தேன். ஒரு இடத்தில் கடலை மூட்டைகளுக்கு மேலேயே நடந்தாய். உன் முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. அதை நீ அன்று சாயங்காலம்தான் பார்த்தாய்.

உள்ளே அந்தப் பெண்ணுக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. குழந்தையின் தலை வெளியே வந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நீ திட்டவில்லை. பிரசவ அறையில் மட்டும் உன் குரல் எவ்வளவு தணிந்துவிடும் என்று வெளியே உன்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியாது. "இந்தா, என்னையப் பாருத்தா. இப்ப முக்காத. நான் சொல்றப்ப முக்கு" என்றாய். ஒரு விரலை நுழைத்துக் கொடியை நெகிழ்த்தித் தலைக்கு மேலாக எடுத்தாய். குழந்தை நீலமாக வந்தது. நான் வாயைத் துடைத்தேன். நீ முதுகைத் தேய்த்தாய். அது அழவில்லை. மாமியார்க்காரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு பூனைக்குட்டி கத்தியதுபோல் சன்னமாக ஒரு சத்தம் வந்தது. பெண் குழந்தை.

கை கழுவும்போது நீ அந்த மாமியாரிடம் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. நல்லபடியாகப் பிறந்துவிட்டது என்றோ, கர்த்தர் காப்பாற்றினார் என்றோ சொல்லவில்லை. "ஒங்க வீட்டு வண்டிகளைத் தாண்டி வாரதுக்குள்ள எனக்கே வலி எடுத்துருச்சும்மா" என்றாய். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. உன் முழங்காலைப் பார்த்தாள்.

அடுத்த நகரசபைக் கூட்டத்தில் சைக்கிள் விஷயம் வந்தது. தெருவின் ஒரு ஓரமாகப் பாவுகல் பதித்துச் சைக்கிள்களுக்கென்று தனிப் பாதை விடலாம் என்பது பேச்சு. சுற்றிலும் கல்குவாரி இருக்கிற ஊருக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. நாம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். உள்ளே நமக்கு இடமில்லை. மண்டிக்காரர் எழுந்தார். பேத்தி பிறந்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. உன்னைக் கைகாட்டி, உன்னைப் புகழ்ந்துதான் தொடங்கினார்.

"போன சந்தையன்னிக்கு நர்ஸம்மா நேரத்துக்கு வந்து ரெண்டு உசுரைக் காப்பாத்துனாங்க. சந்தையன்னிக்கே வர முடிஞ்சிருக்குன்னா நம்ம தெரு நல்லாத்தானே இருக்கு? தனிப் பாதை எதுக்கு?"

சபையில் பலர் தலையசைத்தார்கள். எத்தனையோ அநியாயம் கேட்டிருக்கிறேன். நன்றியையே தடியாக எடுத்து அடிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

நீ படியிலிருந்தே பேசினாய். "நான் வந்தேங்க. சைக்கிள் வரல. அது வளையக்காரம்மா கடையில கெடந்துச்சு. நான் ஒங்க வண்டிக மேல ஏறிக் குதிச்சு வந்தேன்."

சேர்மன் மணியைத் தட்டினார். உறுப்பினர் அல்லாதவர் சபையில் பேசக்கூடாது என்று பணிவாகச் சொன்னார். நீயும் பணிவாகத்தான் பதில் சொன்னாய். பேசவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன் என்றாய். விஷயம் ஒத்திவைக்கப்பட்டது.

வேலையை விட்டுவிட்டு ஆவூருக்கே போய்விடுகிறேன் என்று அறைக்கு வந்ததும் சொன்னாய். சோறு வைத்தேன், சாப்பிடவில்லை. அதைவிட எனக்கு எரிச்சல் தந்தது வேறில்லை. நகரசபை செய்யாததற்கு நான் ஆக்கிய சோறு என்ன பாவம் செய்தது? அன்று நானும் உன்மேல் சத்தம் போட்டேன். பசு முட்டியதைப் பார்த்துத் திகைத்துப்போய்ச் சாப்பிட்டாய்.

அடுத்த சந்தையன்று நடந்ததை நாம் யாருமே எதிர்பார்க்கவில்லை. மண்டிக்காரர் வீட்டுப் பின்வாசலில் வண்டிக்காரர்களுக்கு மோர் ஊற்றுவது வழக்கம். அந்த மோருக்காகவே வெளியூர் வண்டிகளும் அந்தத் தெருவில் வந்து நிற்கும். அன்று அந்த மாமியார் அம்மாள் மோர்ப்பானையைப் பின்வாசலில் வைக்கவில்லை. இரண்டு ஆள்களைக் கொண்டு குளத்தங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய், அரசமரத்தடியில் வைத்து, தானே கரண்டியோடு உட்கார்ந்துவிட்டாள். புருஷன் ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, நர்ஸம்மா முழங்காலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசச் சொல்லுங்கள் என்றாளாம். வெயில் ஏற ஏற வண்டிகள் ஒவ்வொன்றாகத் தெருவைவிட்டு மோர் இருக்கும் இடத்துக்கு நகர்ந்தன. மத்தியானத்தில் மண்டித் தெரு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தெரிந்தது. அந்தத் தெரு அவ்வளவு அகலம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

நான் பூரித்துப்போய் உன்னிடம் ஓடி வந்து சொன்னேன். உனக்குக் கோபம்தான் வந்தது. "கவர்மென்ட் ஆர்டரு செய்யாததை ஒரு பானை மோரு செஞ்சிருக்கு. அப்ப ஆர்டரு எதுக்குடி?" என்றாய். எனக்கு உன் தலையில் ஒரு குட்டு வைக்கலாம்போல் இருந்தது.

வண்டிகள் போனபிறகு மண்டிக்காரருக்கும் தடையாக நிற்கக் காரணமில்லை. பாதைக்கு அவரே ஆதரவு சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை, பாதை அவர் மண்டி இருக்கும் பக்கம் வேண்டாம், எதிர்ப்பக்கம் போகட்டும் என்றார். எதிர்ப்பக்கம் சாக்கடை. அதனால் சாக்கடையை மூடித்தான் பாதை போட வேண்டும் என்றாயிற்று. திறந்த சாக்கடையை மூடச் சொல்லி எத்தனை பேர் எத்தனை காலம் கேட்டிருப்பார்கள். அது இப்படித்தான், யாரோ தன் கடைவாசலைக் காப்பாற்றிக்கொள்ளப் போய், மூடப்பட்டது.

கல் பதித்து முடிந்த அன்று காலையில் நாம் இருவரும் ஒருவர் பின் ஒருவராக ஆஸ்பத்திரியிலிருந்து மார்க்கெட் வழியாகக் குளத்தங்கரைவரை போனோம். குலுங்கவில்லை. பெட்டிக்குள் பாட்டில்கள் சத்தமே போடவில்லை. எனக்குப் பாடவேண்டும்போல் இருந்தது. தபால்காரர் எதிரே வந்தவர் இறங்கி வழிவிட்டு, "நல்லாருக்குங்களா நர்ஸம்மா பாதை?" என்று கேட்டார். அந்தப் பெயர் அன்றைக்கே நிலைத்துவிட்டது. திறப்பு விழாவில் நீ ஒரு நன்றி உரை படிக்க வேண்டும் என்று சேர்மன் சொல்லி அனுப்பியிருந்தார். நீ போகவில்லை. சாக்கடையை மூடியதற்கெல்லாம் நன்றி சொல்ல ஆரம்பித்தால் நாளைக்குக் குழாயில் தண்ணீர் விட்டதற்குக் காலில் விழச் சொல்வார்கள் என்றாய்.

நாம் சந்தோஷமாக இருந்தது அந்த வாரம் மட்டும்தான். மழமழவென்று கல் பதித்த இடத்தைப் பார்த்துவிட்டு ஊர் சும்மா இருக்குமா? மிளகாய் காயப்போட அதைவிட வாகான இடம் கிடையாது. வீட்டுக்கு வீடு பாயில்லாமல் பாதையிலேயே மிளகாயைக் கொட்டினார்கள். ஆடு கட்டினார்கள். கட்டில் போட்டுப் படுத்தார்கள். ஒரு சவரத் தொழிலாளி மேடு பள்ளமில்லாத இடமாகப் பார்த்து நாற்காலியே போட்டுவிட்டார். அடுத்த வாரமே சப்-கமிட்டி இன்னொரு உத்தரவு போட்டது: சைக்கிள்களுக்கென்று பாதை போட்டாகிவிட்டபடியால் இனி எந்தச் சைக்கிளும் பாதையைவிட்டுத் தெருவில் இறங்கக்கூடாது, இறங்கினால் அபராதம்.

பாதையில் போனால் மிளகாய். தெருவில் போனால் போலீஸ். அந்த உத்தரவின்படி முதலில் பிடிபட்டது நீதான்.

அபராதத்தைக் கட்டித் தொலைத்துவிட்டு வா என்று டாக்டரம்மா சொன்னார். நானும் சொன்னேன். நீ பெஞ்சுக் கோர்ட்டுக்குப் போனாய். சம்பளம் வாங்காத மாஜிஸ்திரேட்டுகள் மூன்று பேர் மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் ரிட்டையரான தாசில்தார்; காது கொஞ்சம் மந்தம். பாதையைவிட்டு இறங்கியது உண்மையா என்று கேட்டார்கள். உண்மை என்றாய். அப்படியானால் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்றார்கள். இல்லை என்றாய். தாசில்தார் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"நானா இறங்கலிங்க. பாதைதான் என்னைய எறக்கிவிட்டுச்சு. ஐயா ஒரு நடை வந்து பாத்துட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க. தப்புன்னா அங்கனேயே அபராதத்தைக் கட்டுறேன்."

மறுநாள் காலை அவர் உண்மையிலேயே வந்துவிட்டார், குடையும் கைத்தடியுமாக. ஊரே திரண்டு பின்னால் வந்தது. ஓவர்சியரும் வந்தார், ஒளிய அவருக்கு அன்று சந்து கிடைக்கவில்லை. தாசில்தார் பாதையின் தொடக்கத்திலிருந்து நேராக நடப்பேன், இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். மிளகாயில் கால் வைத்துத் தும்மினார். ஆட்டுக் கயிற்றைத் தாண்டினார். கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து கும்பிட்டார், கட்டிலை நகர்த்தவில்லை. கடைசியில் சவரத் தொழிலாளியின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒருவர். அப்பால் போக வழியில்லை. தொழிலாளி கத்தியைத் தீட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"செத்த உக்காருங்க ஐயா. அடுத்து ஒங்களுக்குத்தான்."

ஊர் சிரித்தது. நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். திரும்பி உன்னைப் பார்த்தேன். உன் உதடு ஒரு ஓரமாகக் கொஞ்சம் கோணியது. உன்னிடமிருந்து சிரிப்பு என்று அதற்கு மேல் கிடைக்காது. தாசில்தார் பாதையைவிட்டுத் தெருவில் இறங்கினார். இறங்கி நின்று, தன் காலைத் தானே பார்த்துக்கொண்டார். வழக்கு அங்கேயே தள்ளுபடி. பாதையில் பொருள் வைப்பவர்களுக்குத்தான் இனி அபராதம் என்றும், அதை நகரசபை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பாதையின் ஓரமாகக் குட்டைக் கல்கால்கள் நட்டு வெள்ளையடித்தது அதற்குப் பிறகுதான். அதன்பின் பாதை பாதையாக இருந்தது. முழுக்க இல்லை; ஆடு அவ்வப்போது வரும். ஆனால் பிரசவத்துக்கு ஆள் வந்தால் நாம் சைக்கிளிலேயே போய்ச் சேர்ந்தோம். அந்த வருஷங்களில் நேரத்துக்குப் போனதால் பிழைத்த முகங்கள் இன்றும் தெருவில் எனக்கு எதிரே வருகின்றன.

உனக்கு டைஃபாய்டு என்று தெரிந்து திருச்சிக்குக் கொண்டுபோன நாளைப் பற்றி அதிகம் எழுத என் கை ஓடவில்லை. ரயிலடிக்கு உன்னை வண்டியில்தான் கொண்டுபோனோம். ஸ்டேஷன் ரோட்டில் பாதை கிடையாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் உன் தலை என் மடியில் குதித்தது. காய்ச்சலில் உனக்கு ஆள் தெரியவில்லை, ரோடு மட்டும் தெரிந்தது. பிளாட்பாரத்தில் படுக்க வைத்தபோது கொஞ்சம் தெளிந்து என் கையைப் பிடித்தாய். உன் அம்மாவுக்கோ எனக்கோ ஏதாவது சொல்லப்போகிறாய் என்று குனிந்தேன்.

"கொல்லம்பட்டறைக்கு முன்னால ஒரு கல்லு ஆடுது. ஓவர்சியர்கிட்ட சொல்லிரு. நாளைக்கு இல்ல, இன்னைக்கே."

உன்னையும் துணைக்கு ஆஸ்பத்திரி ஆயாவையும் ஏற்றிக்கொண்டு ரயில் போனதும் நான் அறைக்குப் போகவில்லை, ஓவர்சியர் வீட்டுக்குத்தான் போனேன். அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னதும் தலையாட்டினார். ஆனால் கல்லைச் சரி செய்தது, உன்னை ஆவூரில் அடக்கம் செய்துவிட்டு நான் திரும்பி வந்த மறுநாள். அவ்வளவுதான் அவர்களால் முடிந்தது.

உனக்காக ஒரு அனுதாபக் கூட்டம் போட்டார்கள். நீ கேட்டிருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பாய். சைக்கிள் பாதை தன் நெடுநாள் கனவு என்று சேர்மன் சொன்னார். சாக்கடையை மூட வைத்தது தான்தான் என்று மண்டிக்காரர் சொன்னார்; அது உண்மையும்கூட, அதுதான் கொடுமை. நீ பொறுமையின் உருவம் என்றும், சிரித்த முகத்தோடு சேவை செய்தவள் என்றும் ஒருவர் பேசினார். நான் பின்வரிசையில் இருந்து பொருமினேன். மூன்று வருஷம் உன் முகத்தைப் பார்த்துச் சந்து மாறிப்போன ஊர், உனக்குச் சிரித்த முகம் ஒன்றைச் செய்து மாலை போட்டது. எனக்கு உன் சொந்த முகம்தான் வேண்டும்.

இப்போது ராஜாவும் சமஸ்தானமும் போய்விட்டன. நகரசபைக்குப் புது அதிகாரி வந்திருக்கிறார். குளத்துக்கு அப்பால் புதுக் குடியிருப்பு வந்து இரண்டு சித்திரையாகிறது. அங்கே நெசவுக்காரர்களும் கூலிக்காரர்களும் நிறைந்துவிட்டார்கள், வயிற்றுப்பிள்ளைக்காரிகளும் நிறைய. நம் பாதை குளத்தங்கரையோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் களிமண். போன மழையில் ஒரு வீட்டுக்கு நான் சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்து போய்ச் சேர்ந்தபோது தாய் பிழைத்தாள், குழந்தை இல்லை. அந்தத் தகப்பன் என் சேற்றுக் காலைக் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அன்றிலிருந்து எனக்குச் சரியாக உறக்கம் இல்லை.

பாதையைக் குடியிருப்புவரை நீட்டச் சொல்லி வாராவாரம் ஆபீசுக்குப் போகிறேன். முதலில் உட்காரச் சொன்னார்கள். பிறகு நிற்க வைத்தார்கள். பசு என்று பெயர் வாங்கியவள் நான். பிறர் மனம் நோகப் பேசாதவள், கிடைத்ததே போதும் என்று வந்துவிடுகிறவள். அந்த மனுஷியைக் கொஞ்ச நாளாக என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. டாக்டரம்மா கவலைப்படுகிறார், உனக்கு என்னவோ ஆகிவிட்டது, கொஞ்சம் சாந்தமாக இரு என்கிறார். அண்ணன் கடுதாசி போட்டு, திருவண்ணாமலைக்கு ஒரு நடை போய்வந்தால் மனசு அடங்கும் என்கிறான். அடங்க வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. இத்தனை காலம் உன் பக்கத்திலேயே இருந்து, உன்னை அடக்கி அடக்கி, கடைசியில் எனக்கு உன்னிடமிருந்து மிஞ்சியது இந்த எரிச்சல் ஒன்றுதான். இதை நான் எந்தக் கோயிலிலும் இறக்கி வைப்பதாக இல்லை.

இன்றும் போனேன். பியூன் வாசலிலேயே மறித்தார்.

"ஐயா இல்லிங்கம்மா. கேம்ப் போயிட்டாங்க. அடுத்த வாரம் வாங்க."

அதிகாரியின் செருப்பு ஜோடியாக வாசற்படிக்கு வெளியே கிடந்தது. நான் அதைப் பார்த்தேன், பியூனும் பார்த்தார். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"பரவாயில்லைங்க, வரட்டும்" என்று சொல்லி, செருப்புக்கு நேர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.